கற்பிட்டிக் கோட்டையைச் சுற்றி ஒரு நடை

கொழும்பிலிருந்து வரும் உறவினர்கள் கற்பிட்டிக்குப் போகலாம் என்றால், பெரும்பாலும் டொல்பின் பார்க்கத்தான். "அது முடிஞ்சா அங்க வேற என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். நான் அவர்களை நடக்கக் கூட்டிப்போவேன். கோட்டை, பழைய தேவாலயம், பள்ளிவாசல், தோணித்துறை எல்லாவற்றையும் காலை வெயில் ஏறுமுன் நடந்தே பார்த்துவிடலாம்.

நடக்கத் தொடங்குமுன் நில அமைப்பை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். புத்தளத்துக்கு அருகே பாலாவிச் சந்தியில் திரும்பி, உப்பளங்களையும் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தையும் கடந்து சுமார் 40 கிலோமீற்றர் வந்தால் கற்பிட்டி. ஒரு பக்கம் பெருங்கடல், மறு பக்கம் புத்தளம் களப்பு. களப்பு வடக்கே கடலோடு சேர்கிறது. கற்பிட்டி அந்த வாய்க்குக் காவல்போல இருக்கிறது. புத்தளமோ களப்பின் உட்கரையில். ஆகவே கடலிலிருந்து புத்தளம் போகும் தோணி கற்பிட்டியின் கண்ணில் படாமல் போக முடியாது. இதுதான் இந்த ஊரின் சரித்திரத்துக்குத் திறவுகோல்.

புத்தளத்துக்கு வந்தவர்களில் நம் வாசகர்கள் நன்கறிந்தவர் இப்னு பதூதா. 1344-ல் மாலைதீவிலிருந்து புறப்பட்டு அவர் கரையேறிய 'பத்தாலா' புத்தளமே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. மரத்தாலான மதிலும் கோபுரங்களும் சூழ்ந்த சிறிய, அழகான பட்டினம் என்று அதை அவர் வர்ணிக்கிறார். மலைவெள்ளம் அடித்து வந்த கறுவா மரங்கள் கரையில் குன்றுபோல் கிடந்தனவாம். மஃபரிலிருந்தும் மலபாரிலிருந்தும் வந்தவர்கள் அவற்றை விலையின்றி ஏற்றிக்கொண்டு, பதிலுக்கு அரசனுக்குத் துணி முதலியவற்றைக் கொடுத்தார்களாம். மஃபர் என்று அரபிகள் சொன்னது எதிரே உள்ள தமிழ்நாட்டுக் கரையைத்தான். அங்கே அவரை வரவேற்ற ஆரியச்சக்கரவர்த்திக்குப் பாரசீகம் புரிந்தது. ஆதம் மலைக்குப் போக வேண்டும் என்று இப்னு பதூதா கேட்டதும் பல்லக்கும் வழித்துணைக்கு ஆட்களும் கொடுத்து அனுப்பினான். கோட்டை எழுவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் களப்பு இப்படி ஒரு வியாபார வாசலாக இருந்தது.

இனிக் கோட்டைக்குப் போவோம். இன்று அது கடற்படை முகாம். அனுமதி கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும். 1667-ல் தொடங்கி 1676-ல் முடிந்த ஒல்லாந்தர் கட்டடம் இது. சுவர் முழுக்க முருகைக்கல்லும் சுண்ணாம்பும். ஆனால் வாசலில் மட்டும் சிறிய மஞ்சள் செங்கல். மேலே ஒரு மணிக் கோபுரம். முன்னால் நின்று பார்த்தால் கோட்டை வாசலா, கோயில் வாசலா என்று சந்தேகம் வரும். வழிபாட்டுக்கென்று சொல்லி இரண்டாம் இராஜசிங்கனை நம்பவைத்துக் கட்டினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. போர்த்துக்கேயர் காலத்து இயேசு சபைச் சிற்றாலயம் ஒன்றும் சுவருக்குள்ளேயே நிற்கிறது. உள்ளே தளபதியின் வீடு, சிப்பாய்களின் தங்குமிடம், சிறைக் கூடங்கள்; பலவற்றுக்குக் கூரையில்லை. கொத்தளத்தில் ஏறினால் களப்பு விரிந்து கிடக்கும். எந்தத் தோணி வருகிறது, போகிறது என்பதை அங்கிருந்து எண்ணிவிடலாம்.

அந்த எண்ணிக்கைக்காகத்தான் கோட்டையே. கண்டி இராச்சியத்தின் பாக்கு இந்தப் பக்கமாகக் கடலுக்கு வந்தது. துணியும் உப்பும் கருவாடும் மலைநாட்டுக்குப் போயின. பொதிமாட்டுத் தவளங்களை ஓட்டியவர்களிலும் தோணி விட்டவர்களிலும் சோனகர் கணிசமானோர். அந்த வழியை அடைத்தால் கண்டியின் கழுத்தை நெரிக்கலாம், பாக்கு வியாபாரத்தையும் தாமே பிடிக்கலாம் என்று ஒல்லாந்தக் கம்பெனி கணக்குப் போட்டது. தன் ஆட்சிப் பகுதிச் சோனகர்மீது 'ஊழியம்' என்ற கட்டாய வேலையையும் சுமத்தியது. 1766 உடன்படிக்கையோடு கரை முழுவதும் கம்பெனி கைக்குப் போயிற்று. 1795-ல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தார்கள்.

ஆக, முருகைக்கல்லை அடுக்கியது ஒல்லாந்தர் என்றாலும், அடுக்க வேண்டிய தேவையை உண்டாக்கியவர்களில் நம் மூதாதையரும் அடங்குவர். வழிகாட்டிப் புத்தகங்கள் இதைச் சொல்வதில்லை.

கோட்டையிலிருந்து சிறிது தூரத்தில் 1706-ஐச் சேர்ந்த ஒல்லாந்தர் தேவாலயம், புனித பேதுரு கேர்க். உள்ளே பெயரும் தேதியும் வெட்டிய கல்லறைப் பலகைகள். முந்நூறு வருடத்துக்கு முன் இங்கே மௌத்தான ஒரு ஒல்லாந்தரின் பெயரை இன்றைக்கும் வாசிக்கலாம். அதே காலத்தில் இங்கே வாழ்ந்த ஒரு மரைக்காயரின் பெயரை எங்கே வாசிப்பது?

இந்த ஊர் எழுதத் தெரியாத ஊருமல்ல. இலங்கையின் முதல் ஆங்கில இடவிவரண நூலை 1834-ல் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி 1807-ல் பிறந்தது கற்பிட்டியில்தான். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை 1859-ல் 'தமிழ் புளூராக்' என்ற பெயரில் தந்தவரும் அவரே. பக்கத்துத் தெருவில் பார்த்த சோனகரின் பழக்கவழக்கங்களைப் பற்றியும் எழுதினார். நம் பக்கத்தில்தான் எழுதிவைக்கும் பழக்கம் குறைவாக இருந்திருக்கிறது.

எழுதாததைவிட எனக்குப் பெரிய கவலை, இருந்ததை இடிப்பது. இந்தக் கரையோர ஊர் ஒன்றில் பழைய பள்ளிவாசலைத் தேடிப்போனேன். புதிதாக மினாரா எழுப்பிய கொங்கிரீட் கட்டடம் நின்றது. வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் விசாரித்தேன்.

"பழய பள்ளி முருகக்கல்லுல கட்டினது மவன். தூண் எல்லாம் பெரிசு, ரெண்டு ஆள் சேந்துதான் கட்டிப் பிடிக்கணும்."

"எழுத்து ஏதும் இருந்ததா, காக்கா?"

"ஒரு கல்லுல அரபுல வெட்டி இருந்திச்சு. எங்கட வாப்பா ஓதிக் காட்டினது ஞாபகம். இடிக்கக்குள்ள மத்தக் கல்லோட அத்திவாரத்துக்குப் போட்டுட்டாங்க."

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஜனம் பெருகியது, ஜும்ஆவுக்கு இடம் போதவில்லை, பள்ளியைப் பெருப்பித்தார்கள். ஆனால் அந்தக் கல்லை ஒரு போட்டோ எடுத்துவிட்டு இடித்திருக்கலாம்.

நடையை நான் தோணித்துறையில் முடிப்பேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர் என்பார்கள். அவர்களில் மன்னார்த் தீவு மக்கள் பலர் தோணிகளில் வந்து இறங்கியது இந்தக் கற்பிட்டிக் கரையில்தான். உடுத்த துணியோடு வந்தவர்களுக்கு இங்குள்ளவர்கள் சோறு ஆக்கிக் கொடுத்தார்கள், பள்ளிவாசல்களைத் திறந்துவிட்டார்கள். அன்றைக்குக் கைக்குழந்தையாக இறங்கியவருக்கு இன்று தன் பிள்ளைகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? பார்த்தவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே இந்த வழியாக நடப்பவர்களிடமும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையினரிடமும் ஒரு வேண்டுகோள். இடிக்குமுன் நாலு பக்கமும் படம் எடுங்கள். நீள அகலத்தை அளந்து எழுதுங்கள். மையவாடியைத் துப்புரவு செய்யும்போது எழுத்துள்ள மீசான் கல்லைப் பிடுங்கி எறியாதீர்கள். அரபுத்தமிழ் ஏடு, பழைய காணி உறுதி, நிக்காஹ் பதிவு எது இருந்தாலும் கறையான் தின்னுமுன் பிரதி எடுத்து வையுங்கள். வீட்டிலுள்ள முதியவரிடம் ஒரு பின்னேரம் உட்கார்ந்து கேளுங்கள். கையில் இருக்கும் தொலைபேசியே பதிவு செய்யும்.

கோட்டையைப் பாதுகாக்க அரசாங்கம் இருக்கிறது. நம் மீசான் கற்களைப் பாதுகாக்க நாம்தான் இருக்கிறோம்.