தலையில் குண்டுச்சிதறல்... 35 ஆண்டுகள் கழித்து என்ன ஆனது?

வியட்நாம் போரில் தலையில் குண்டுச்சிதறல் பாய்ந்த அமெரிக்க வீரர்கள் பலர் உயிர் பிழைத்தார்கள். காயம்பட்டவர்களை ஹெலிகாப்டரில் தூக்கிச் சென்று, மூளை அறுவை சிகிச்சை நிபுணர்களிடம் சீக்கிரமே சேர்க்க முடிந்தது முக்கியக் காரணம். சரி, உயிர் தப்பியது... அதன்பிறகு?

இதை அப்போதே யோசித்தவர் வில்லியம் கேவ்னெஸ் என்ற நரம்பியல் மருத்துவர். போர் நடந்துகொண்டிருந்த 1967-லேயே, இத்தகைய வீரர்களின் விவரங்களைப் பதிவு செய்யும் வேலையைத் தொடங்கிவைத்தார். அந்தப் பட்டியலில் இருந்தவர்களை 1980-களிலும், மீண்டும் 2003 முதல் 2006 வரையும் அழைத்து நாள்கணக்கில் பரிசோதித்தார்கள்.

இந்த ஆய்வுக்கு ஓர் அபூர்வ வசதி இருந்தது. பொதுவாக, அடிபட்ட பிறகுதான் ஒருவர் மருத்துவரிடம் வருகிறார். அதற்கு முன் அவருடைய அறிவுத்திறன் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால், ராணுவத்தில் சேரும்போதே இவர்கள் ஓர் அறிவுத்திறன் தேர்வு எழுதியிருந்தார்கள். அதே தேர்வை மறுபடியும் எழுதச் சொல்லி, முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள்.

விடை ஆச்சரியம் தந்தது. மூளையில் எவ்வளவு பகுதி சேதமானது, எந்த இடம் சேதமானது என்பதெல்லாம் முக்கியம்தான். ஆனால், பொதுவான அறிவுத்திறன் பின்னாளில் எப்படி இருக்கும் என்பதை அதிகம் காட்டிக்கொடுத்தது, காயத்துக்கு முன் வாங்கிய மதிப்பெண்தான். மூளை முன்பே சேர்த்துவைத்திருந்த சேமிப்பு, கஷ்டகாலத்தில் கைகொடுத்தது என்று சொல்லலாம்.

அதற்காக, கதை சுபமாக முடிந்துவிடவில்லை. காயம்பட்டு சுமார் 15 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, 100-க்கு 56 பேர்தான் வேலையில் இருந்தார்கள்; காயம்படாத சக வீரர்களில் 82 பேர். ஏறக்குறைய பாதிப் பேருக்கு வலிப்பு வந்திருந்தது. சிலருக்கு முதல் வலிப்பே 14 ஆண்டுகள் தாண்டித்தான் வந்தது!

அறுபதை நெருங்கியபோது இன்னொரு விஷயமும் தெரிந்தது. வயதானால் எல்லோருக்கும் அறிவுத்திறன் கொஞ்சம் மங்கும். இவர்களுக்கோ, காயம்படாத வீரர்களைவிட அதிகமாகவே மங்கியிருந்தது.

அதனால், இளமையில் தலையில் குண்டு பாய்ந்து மீண்டவர் உங்கள் வீட்டில் இருந்தால், அறுபது வயதில் வரும் தடுமாற்றத்தை ‘வயசாயிடுச்சு’ என்று தள்ளிவிடாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது, அந்தப் பழைய காயத்தைத்தான் முதலில் சொல்லுங்கள்.