பாதியில் நிற்கும் வீட்டை வாங்குமுன்

தோட்டத்துக்கு வெளியே, டவுனுக்குக் கிட்டத்தில், சுவர் எழும்பிக் கூரை போடாமல் நிற்கும் வீடுகள் விலைக்கு வருவதுண்டு. கொழும்பிலோ வெளிநாட்டிலோ உழைக்கும் பிள்ளை காசு அனுப்பியதும், "லயத்தை விட்டு வெளியேறினா போதும்" என்று சில குடும்பங்கள் அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகின்றன. ஆசை நியாயமானதுதான். ஆனால் போட்ட காசு திரும்பி வராது போய்விட்டால் யாரிடம் கேட்பது?

சுவரைப் பார்க்குமுன் உறுதியைப் பாருங்கள். வெள்ளைத் தாளில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வாங்கினால் வீடு உங்களுடையது ஆகாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லும். காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளையும் தேடிப் பார்க்கும்படி நொத்தாரிசிடம் சொல்லுங்கள். கட்டுவதற்கு வாங்கிய கடன்தான் பல வீடுகளைப் பாதியில் நிறுத்துகிறது. பதிந்த ஈடு தீராமல் வாங்கினால் அந்தக் கடனும் வீட்டோடு வந்து சேரும்.

அரசாங்க அனுமதிப் பத்திரக் காணி என்றால் பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் கைமாற்ற முடியாது. கம்பனித் தோட்டத்துக் காணியில் கட்டிய அரை வீட்டை, உறுதி இல்லாத ஒருவர் விற்கிறேன் என்றால் கிட்டவே போகாதீர்கள்.

அடுத்து, பிரதேச சபை அங்கீகரித்த பிளானைக் கேளுங்கள். அனுமதிக் காலம் முடிந்திருந்தால் புதுப்பிக்க வேண்டும். மலைச்சரிவு என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு இருக்கிறதா என்று பாருங்கள். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை.

இனி கட்டடம். விற்பவர் கூட்டி வரும் மேசன் பாஸ் வேண்டாம், உங்களுக்குத் தெரிந்த பாஸைக் கூட்டிப் போங்கள். தூக்குக் குண்டு பிடித்துச் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் மேல் துரு மட்டும் என்றால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கலாம். செதில் செதிலாக உரிந்து கம்பி மெலிந்திருந்தால், "பரவாயில்லீங்க, பூசிட்டா தெரியாது" என்ற பேச்சைக் கேட்காதீர்கள். அத்திவாரத்தை ஓரிடத்தில் தோண்டிப் பார்க்க விற்பவர் மறுத்தால் யோசிக்க வேண்டும்.

வாங்கியபின் முதல் செலவு கூரைக்குத்தான். பூச்சும் டைல்ஸும் பிறகு பார்க்கலாம். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மே மாத மழைக்கு முன்பும், பதுளைப் பக்கம் ஒக்டோபர் மழைக்கு முன்பும் கூரை போட்டுவிட்டால் சுவர் பிழைக்கும்.

பாஸுக்கு மொத்தக் காசையும் முன்னால் கொடுக்காதீர்கள். கூரை, பூச்சு, தரை என்று வேலையைப் பிரித்து எழுதி, ஒன்று முடிந்தபின் அதற்குரிய காசைக் கொடுங்கள். பத்தில் ஒரு பங்கைப் பிடித்துவைத்து, ஒரு பெரிய மழையில் ஒழுகுதா என்று பார்த்தபின் கொடுப்பது நல்லது. சீமெந்தை நீங்களே வாங்கினால் மூட்டைகளை எண்ணி வையுங்கள்.

பணம் குறைந்தால் வட்டிக்காரரிடம் ஓடுமுன் சேமலாப நிதியை நினையுங்கள். 10 வருடம் பங்களிப்புச் செய்து, கணக்கில் 3 இலட்சம் ரூபாவாவது உள்ள, இன்னும் வேலையில் இருக்கும் அங்கத்தவர், வீட்டுத் தேவைக்கு 30 சதவீதம் வரை எடுக்க இடமுண்டு. விண்ணப்பத்தைத் தொழில் அலுவலகத்தில் கேளுங்கள். உறுதி, பிளான் எல்லாவற்றையும் அங்கேயும் கேட்பார்கள். இளைப்பாறும்போது கிடைப்பது அந்த அளவுக்குக் குறையும், அதையும் வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

வேலை முடிந்ததும் பிரதேச சபையில் இணக்கச் சான்றிதழ் எடுத்து உறுதியோடு பத்திரப்படுத்துங்கள்.