குறவஞ்சி பாடிய கிறிஸ்தவர்

1980களில் கலிபோர்னியாவின் அண்டர்கவர் குழு பங்க் இசையில் இயேசுவைப் பாடியது. ஊரார் ரசிக்கும் இசையிலேயே விசுவாசத்தைப் பாடும் அந்தத் துணிவைத் தஞ்சாவூர் வெகுகாலம் முன்பே கண்டிருந்தது.

அதற்குரியவர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). திருநெல்வேலியில் பிறந்த அவரைச் சிறுவயதிலேயே மிஷனரி ஷ்வார்ட்ஸ் தஞ்சைக்கு அழைத்துவந்து வளர்த்தார். அதே ஷ்வார்ட்ஸின் இன்னொரு மாணவர்தான் பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜி.

அன்றைய ஆராதனையில் ஜெர்மன் மெட்டில் மொழிபெயர்ப்புப் பாட்டுகளே ஒலித்தன. சாஸ்திரியாரோ கும்மியையும் நாடகப் பாட்டையும் கையிலெடுத்தார். கோயில் விழாவிலும் அரண்மனையிலும் ஆடப்பட்ட குறவஞ்சி நாடகம், அவர் கையில் 'பெத்லகேம் குறவஞ்சி' ஆயிற்று. அதில் நாயகி தேவமோகினி காதலிப்பது இயேசுவை. குறி சொல்லக் குறத்தியும் வருகிறாள், பறவை பிடிக்கச் சிங்கனும் வருகிறான். அந்தப் பறவைகள் மனித ஆன்மாக்கள்.

புதிதாக வந்த மிஷனரிகள் இந்தப் பாட்டுமுறையை எதிர்த்தனர். தேவாலயத்தில் சாதிவாரியாக உட்காருவதையும் ஒழிக்க முனைந்தனர். சாஸ்திரியார் இரண்டையும் விட்டுக்கொடுக்கவில்லை. பாட்டுக்காக அவர் வாதாடியது சரி. சாதி வழக்கத்துக்காக வாதாடியது பெரும் பிழை.

இந்த மோதலில் 1829இல் அவருடைய மிஷன் வேலை போயிற்று. சரபோஜி ஆதரவு தந்தார்.

சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் தமிழ்த் திருச்சபைகளில் இன்றும் ஒலிக்கின்றன. குறவஞ்சியையும் நம் இசைக்கல்லூரிகள் மேடையேற்ற வேண்டும்.