சக்கரக் கோணப் பிறழ்வு

சக்கரக் கோணப் பிறழ்வு என்பது மகிழுந்தின் சக்கரங்கள் உற்பத்தியாளர் வகுத்த கோணங்களிலிருந்து விலகி நிற்கும் நிலையாகும். உளுந்தூர்பேட்டை–சேலம் நெடுஞ்சாலையின் நடுத்திட்டிலோ கல்வராயன் மலைப்பாதையின் ஓரக்கல்லிலோ சக்கரம் மோதினால் இது ஏற்படக்கூடும்.

அறிகுறிகள்

நேர்சாலையில் ஸ்டியரிங் கோணலாக நிற்றல், வண்டி ஒருபக்கம் இழுத்தல், டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்தல் ஆகியன. காற்றழுத்தம் குறைந்தாலும் வண்டி இழுக்கும் என்பதால் முதலில் அதைச் சரிபார்க்க வேண்டும்.

சீரமைப்பு

முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பிய அளவான 'டோ'வை டை ராடைத் திருகிச் சரிசெய்யலாம். சக்கரத்தின் சாய்வான 'கேம்பர்' பல சிறு மகிழுந்துகளில் திருத்த இயலாதது. எனவே அடிபட்ட பக்கத்தில் மட்டும் அது மாறியிருந்தால், பெரும்பாலும் லோயர் ஆர்ம், ஸ்ட்ரட் அல்லது நக்கிள் வளைந்திருக்கும். வளைந்த பாகத்தை நிமிர்த்தாமல் மாற்றுவதே முறை. நிமிர்த்திய டை ராட் பின்னர் முறிந்தால் அச்சக்கரம் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது. பாகத்தை மாற்றிய பின்னரே வீல் அலைன்மென்ட் பயன்தரும்.