மழை அறிக்கையில் 'லைக்லி' என்றால் எத்தனை சதவிகிதம்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூரும் ஆவடியும் மிதந்தது நினைவிருக்கிறதா? அதன்பிறகு வானம் இருட்டினாலே, வானிலை ஆய்வு மையத்தின் ஆங்கில அறிக்கையை வாட்ஸ்அப்பில் தேடுகிறோம்.

அதில் வரும் சொற்களுக்குக் கணக்கு உண்டு. 'லைக்லி' என்றால் 25 முதல் 50 சதவிகித வாய்ப்பு. 'வெரி லைக்லி' என்றால் 50 முதல் 75. 'மோஸ்ட் லைக்லி' என்றால் 75-க்கும் மேல்.

ஐ.நா-வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி அறிக்கையிலோ, 'லைக்லி' என்றாலே குறைந்தது 66 சதவிகிதம். 'வெரி லைக்லி' என்றால் 90! சொல் ஒன்றுதான், கணக்கு வேறு.

அதற்காக, 'வெறும் லைக்லிதானே' என்று அலட்சியம் வேண்டாம். அதிகனமழைக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்றாலும், தரைத்தளத்தில் இருப்பவர்கள் பைக்கை மேட்டில் நிறுத்திவிடுவது நல்லது!