இணைய வழியில் பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டம்

சர் ஜோசப் போர் தலைமையில் 1943-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டு, 1946-இல் அறிக்கை அளித்த குழு, நோய் தீர்க்கும் பணியும் நோய் தடுக்கும் பணியும் ஒருங்கே நடைபெற வேண்டும் என்று வலியுறுத்தியது. மருத்துவ மாணவர்களுக்குத் தடுப்பு மருத்துவத்திலும் சமுதாய மருத்துவத்திலும் மூன்று மாதப் பயிற்சி தேவை என்றும் அக்குழு பரிந்துரை செய்தது. அதற்கு முன்னரே, 1932-இல், கல்கத்தாவில் அகில இந்திய சுகாதார, பொதுச் சுகாதார நிறுவனம் தோன்றிவிட்டது. ஆயினும் இத்துறையில் உயர் கல்வி பெற விழைந்தவர் ஊரையும் பதவியையும் விட்டு நீங்கித் தொலைவில் தங்கியே பயில வேண்டியிருந்தது. 1997-இல் திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டப் படிப்பைத் தொடங்கியது. 2006-இல் இந்தியப் பொதுச் சுகாதார அறக்கட்டளை ஏற்பட்டது. பின்னர்ப் பல பல்கலைக் கழகங்களும் இப்படிப்பை ஏற்றன. இடங்கள் பெருகின, எனினும் பணியில் இருப்போரின் இடர்ப்பாடு நீங்கவில்லை.

ஒரு வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலர் இரண்டாண்டுகள் படிக்கச் சென்றால், அவ்விடம் காலியாகக் கிடக்கும்; அல்லது அண்டை நிலையத்தின் மருத்துவரிடம் கூடுதல் பொறுப்பாக ஒப்படைக்கப்படும். சுகாதார ஆய்வாளர், புள்ளியியல் உதவியாளர், செவிலியர் ஆகியோருக்கோ ஊதியமின்றி விடுப்பு எடுப்பது எளிதன்று. குடும்பப் பொறுப்புள்ள பெண் ஊழியர்களுக்கு வேற்றூரில் தங்கிப் பயிலும் வாய்ப்பு மேலும் குறைவு. களத்தில் பல்லாண்டு அனுபவம் பெற்ற இவர்களுக்கே இக்கல்வி பெரிதும் பயன்படும். இணைய வழிக் கல்வியின் நியாயம் இங்குதான் அமைந்துள்ளது.

எவற்றை இணையத்தில் கற்கலாம்?

நோய்ப் பரவல் இயல், உயிரியல் சார்ந்த புள்ளியியல், சுகாதார நிர்வாகம், சுற்றுச் சூழல் நலம், சமூக, நடத்தை இயல்கள் ஆகிய ஐந்தும் பொதுச் சுகாதாரப் பாடத் திட்டத்தின் அடிப்படைகளாக எங்கும் ஏற்கப்பட்டுள்ளன. இவற்றுள் இணைய வழிக்கு மிகவும் இசைவானது புள்ளியியல் எனலாம். விளங்காத விரிவுரையை மாணவர் மீண்டும் மீண்டும் கேட்கலாம். கணக்குகளை இரவில் அமர்ந்து போட்டுப் பார்க்கலாம். பயிற்சிக்கு வேண்டிய புள்ளிவிவரங்களும் நம் நாட்டிலேயே உள்ளன. 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு, ஆயிரம் பிறப்புகளுக்கு 35 சிசு மரணங்கள் என மதிப்பிட்டது. இம்மதிப்பீடு எவ்வாறு பெறப்பட்டது, மாநிலத்துக்கு மாநிலம் ஏன் வேறுபடுகிறது என்று ஆராய்வதைக் காட்டிலும் சிறந்த பாடம் ஒரு மாவட்ட அலுவலருக்குக் கிடைப்பது அரிது.

நோய்ப் பரவல் இயலில் நிலைமை சற்று மாறுபடுகிறது. ஓர் எடுத்துக்காட்டைக் கருதலாம். ஒரு விருந்தில் 200 பேர் உண்டனர் என்றும், மறுநாள் அவர்களுள் 64 பேருக்கு வயிற்றுப்போக்கு கண்டது என்றும் கொள்வோம். பாயசம் அருந்திய 120 பேரில் 60 பேர் நோயுற்றனர். அருந்தாத 80 பேரில் 4 பேர் மட்டுமே நோயுற்றனர். முதற் பிரிவினரின் தாக்கு வீதம் 50 விழுக்காடு. மற்றவருடையது 5 விழுக்காடு. பாயசம் அருந்தியவருக்கு நோய் காணும் வாய்ப்பு பத்து மடங்கு ஆகிறது. ஆகவே ஐயம் பாயசத்தின்மேல் விழுகிறது. இக்கணக்கைக் கணினித் திரையில் அரை மணி நேரத்தில் கற்பித்துவிடலாம், தேர்விலும் கேட்கலாம்.

ஆனால் அந்த 200, 120, 64 என்னும் எண்களை யார் தருவார்? விருந்துக்கு வந்தவர்களின் பட்டியல் எவரிடமும் இராது. வெளியூரிலிருந்து வந்தோர் திரும்பிச் சென்றிருப்பர். எதை உண்டோம் என்பதைப் பலர் மறந்திருப்பர். விருந்தளித்தவருக்கு இழுக்கு நேருமோ என்றஞ்சிச் சிலர் நோயையே மறைப்பர். எஞ்சிய உணவு கொட்டப்பட்டிருக்கும், பாத்திரங்கள் கழுவப்பட்டிருக்கும். நோயுறாதவரையும் தேடிச் சென்று விசாரித்தாலன்றிக் கணக்கே பிறக்காது என்பது அனுபவமில்லாதவருக்குத் தோன்றாத ஒன்று. வீடு வீடாகச் சென்று, ஒரே கேள்வியை ஒரே முறையில் அனைவரிடமும் கேட்டு, பெயர்வாரிப் பட்டியல் தயாரிக்கும் திறன் பயிற்சியால் மட்டுமே கைவரும். பெரியம்மை 1975-இல் இந்தியாவில் ஒடுக்கப்பட்டதும், 2011 ஜனவரிக்குப் பின் இங்கு இயற்கைப் போலியோ காணப்படாமற் போனதும் தடுப்பூசியோடு இத்தகைய தேடும் பணியாலும் விளைந்தவையே.

ஆகையால், களப்பணியைப் பெயரளவில் வைத்துக் கொண்டு, ஒரு கட்டுரையை மட்டும் பெற்றுப் பட்டம் வழங்கும் படிப்பு அரைக் கல்வியாகவே முடியும். இதற்கு வழி இல்லாமல் இல்லை. சென்னையிலுள்ள தேசிய நோய்ப் பரவல் இயல் நிறுவனம் 2001 முதல் நடத்தி வரும் களப் பயிற்சித் திட்டம் இணையப் படிப்பன்று. எனினும் அதன் அமைப்பு கருதத் தக்கது. பயிற்சி பெறுவோர் குறிப்பிட்ட காலங்களில் நிறுவனத்தில் கூடிப் பயில்கின்றனர். மற்றக் காலங்களில் தத்தம் பணியிடங்களில் நோய்க் கண்காணிப்பு விவரங்களை ஆராய்ந்தும், நோய்ப் பரவலை விசாரித்தும் அறிக்கை அளிக்கின்றனர். பணியில் இருந்துகொண்டே இணையத்தில் பயில்பவருக்கு இத்தகைய வாய்ப்பு இயல்பாகவே கையருகில் உள்ளது. தம் வட்டாரத்தையே அவர் ஆய்வுக் கூடமாகக் கொள்ளலாம். களப்பணியே இல்லாத அலுவலகத்தில் இருப்பவரோ, பணி அனுபவமே இல்லாத புதிய பட்டதாரியோ இப்படிப்பில் சேருமுன் இதனை நன்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவருக்கு நேரடிக் கல்வியே மேல்.

அங்கீகாரம்

இணைய வழிப் பட்டங்களைப் பல்கலைக் கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் நெறிப்படுத்துகின்றன. அங்கீகாரம் பெற்ற இணைய வழி, தொலைநிலைப் பட்டங்கள் நேரடிக் கல்வியில் பெறும் பட்டங்களுக்கு இணையானவை என்பதை 2022-இல் மானியக் குழு மீண்டும் தெளிவுபடுத்தியது. அதே வேளையில் மருத்துவம், செவிலியம், பல் மருத்துவம், மருந்தியல் முதலியவற்றை இவ்வழியில் கற்பிக்கத் தடை உண்டு. 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும் துணை மருத்துவ, சுகாதாரப் பராமரிப்புத் துறைப் படிப்புகளும் 2025 ஜூலை-ஆகஸ்டு சேர்க்கை முதல் இவ்வழியில் நிறுத்தப்பட்டன. பொதுச் சுகாதாரத்துக்கு அண்டை இயல்களான நுண்ணுயிரியலும் உணவு, சத்துணவியலும் இவற்றுள் அடங்கும்.

எனவே, ஒரு நிறுவனம் முன்பு அனுமதி பெற்றிருந்தது என்பது போதாது. சேரும் பருவத்துக்கு, குறிப்பிட்ட அந்தப் படிப்புக்கு அனுமதி உண்டா என்பதை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் பார்த்தறிந்த பின்னரே கட்டணம் செலுத்த வேண்டும். விளம்பரத்தையோ இடைத் தரகரையோ நம்புதல் தகாது; உரிமம் கொடுத்துப் பிறரைக் கொண்டு படிப்பு நடத்துவதை ஒழுங்குமுறைகள் அனுமதிப்பதில்லை. அயல்நாட்டு நிறுவனங்களின் இணைய வழிப் பட்டங்களுக்கு இங்கு இணைத் தகுதி கிட்டுமா என்பதும் முன்னரே கேட்டறிய வேண்டியதாகும். இப்பட்டம் சிகிச்சை அளிக்கும் உரிமையைத் தருவதில்லை என்பதையும், சமுதாய மருத்துவத்தில் பெறும் எம்.டி. பட்டத்துக்கு மாற்றாகாது என்பதையும் மருத்துவரல்லாதவர், மருத்துவர் ஆகிய இரு சாராருமே உணர வேண்டும்.

படித்தவருக்கு இடம்

2017-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, மாநிலந்தோறும் பொதுச் சுகாதார நிர்வாகத்துக்குத் தனிப் பணிப்பிரிவு அமைக்கப் பரிந்துரைத்தது. அதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய சுகாதார அமைச்சகம் 2022-இல் வெளியிட்டது. தமிழ்நாட்டில் இது புதிய கருத்தன்று. 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் அங்கு இயற்றப்பட்டது. தனி இயக்ககமும் நெடுங்காலமாக இயங்கி வருகிறது. இத்தகைய பணிப்பிரிவு இல்லாத மாநிலத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றவர், பழைய நாற்காலியிலேயே பழைய வேலையைச் செய்ய நேரிடும். பதவி விதிகளில் இத்தகுதி குறிக்கப்படும் வரை, படிப்பின் செலவும் உழைப்பும் தனி ஊழியரின் தலைமேலேயே விழும்.

ஊழியரைப் படிக்க அனுமதிக்கும் அலுவலர்கள், கல்விக்கான இசைவாணையோடு நின்றுவிடாமல், நேர்முக வகுப்புகளுக்கும் தேர்வுகளுக்கும் விடுப்பு, களப்பணிக்கு ஒரு வழிகாட்டி, அலுவலக விவரங்களை ஆய்வுக்குப் பயன்படுத்த எழுத்து மூலமான அனுமதி ஆகியவற்றையும் வரையறுத்துக் கொடுப்பது நன்று. இவற்றுள் கடைசியாகக் கூறப்பட்டது அடிக்கடி மறக்கப்படுகிறது. காசநோயாளர் பதிவேட்டிலிருந்தோ பிரசவப் பதிவேட்டிலிருந்தோ எடுத்த விவரங்களை மாணவர் இணையத்தில் ஏற்றுமுன் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை நீக்கியாக வேண்டும். சிறிய ஊராயின் வயதும் தெருவும் கூட நோயாளியை அடையாளம் காட்டிவிடும்.