1.8 மீட்டர் கேளுங்கள்

நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஓடும் தாமிரபரணியைக் கடக்க ஒரு காலத்தில் படகுதான். 1843-இல் பாலம் வந்தது. கட்டச் சொந்தப் பணம் கொடுத்தவர் கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார். பாலம் இன்றும் அவர் பெயரில்தான் நிற்கிறது. 1973-இல் ஜங்ஷனில் ரயில் பாதைக்கு மேலே ஈரடுக்கு மேம்பாலம் திறந்தபோது பணம் அரசாங்கத்துடையது. பஸ்ஸும் லாரியும் மேலே, சைக்கிளும் இருசக்கர வண்டியும் கீழே. சைக்கிள் மிதிப்பவருக்கும் பொதுப்பணத்தில் பங்கு உண்டு என்று அன்றே காட்டிய ஊர் இது.

இன்றைய நடைபாதையைப் பாருங்கள். பெரும்பாலும் அது சாக்கடையை மூடிய சிலாப்தான். நாலு சிலாப்புக்கு ஒன்று உடைந்திருக்கும்; விழுந்துவிடாதீர்கள் என்று யாரோ ஒரு புண்ணியவான் அதில் வேப்பங்கொப்பைச் செருகி வைத்திருப்பார். அதைத் தாண்டினால் டிரான்ஸ்பார்மர், அப்புறம் வரிசையாக பைக். வேறு வழியில்லாமல் ஆச்சி ரோட்டில் இறங்குவாள், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும்.

நாட்டில் 2022-இல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள், ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கிற அரசு, அதை மிதிக்க வழி போட மறந்துவிடுகிறது. இது எப்படிப்பட்ட கணக்கோ!

சட்டம் இப்போது நடப்பவர் பக்கம் சாய்ந்திருக்கிறது. சாலைப் பாதுகாப்புக்காக 2012-இல் வழக்குப் போட்டவர் கோவை எலும்பு சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன். அந்த வழக்கில்தான் 2025 மே 14 அன்று, நடைபாதையைப் பயன்படுத்துவது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில், மோட்டார் வாகனச் சட்டம் 138(1ஏ) பிரிவின்படி நடப்பவர்களுக்கும் மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் ஆறு மாதத்துக்குள் விதி வகுக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

'நிதி இல்லையே' என்பார்கள். அதற்கான பதில் 1980-லேயே வந்துவிட்டது. ரத்லம் நகராட்சி வழக்கில், பணமில்லை என்று சொல்லி அடிப்படைக் கடமையிலிருந்து நகராட்சி தப்ப முடியாது என்று நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதினார். சென்னை மாநகராட்சி 2014-இல் ஏற்ற கொள்கை, போக்குவரத்து பட்ஜெட்டில் குறைந்தது 60 சதவீதத்தை நடைக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்கச் சொல்கிறது. நெல்லை 2017-இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. அந்தத் திட்டம் 2025 மார்ச்சோடு முடிந்துவிட்டது. இனி கேட்க வேண்டிய இடம் மாநகராட்சியின் சொந்த பட்ஜெட்.

கேட்பதை அளந்து கேட்பது நல்லது. தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்பது இந்திய சாலைக் காங்கிரஸின் அளவுகோல். தெருக்காரர்கள் நாலு பேர் டேப் பிடித்து அளந்து, எந்த இடத்தில் எவ்வளவு குறைகிறது என்று படத்தோடு எழுதினால், 'ஆவன செய்யப்படும்' என்று சொல்லி அனுப்புவது கஷ்டம். போன ஆண்டு நடைபாதைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு.

நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதி அரசுடையது. வசதியுள்ள நகர்களுக்கு அது சரி. மேலப்பாளையத்துச் சந்துக்காரர்களிடம் போய் பங்குத்தொகை கேட்பது நியாயமில்லை; உரிமை என்று ஆனபின் அதற்கு வசூல் எதற்கு?

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். நடைபாதையில் பூக்கூடை வைத்திருக்கும் அக்காவை விரட்டச் சொல்லி மனு எழுதக்கூடாது. அவருக்கு 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. அவருக்கும் இடம் விட்டு வரைபடம் கேட்கலாம். இன்னொன்று, பாளையங்கால்வாய், நெல்லைக்கால்வாய்க் கரைகள். நிழலோடு கிடக்கும் அந்த வழிகளில் நடைபாதை கேட்க ஆசை வருவது இயல்பு. கரை நீர்வளத்துறையின் பொறுப்பு என்பதால் அவர்கள் அனுமதி வேண்டும். சிமெண்ட் கல் பதித்துக் கரையைக் குறுக்கினால் கீழே வயல் வைத்திருப்பவர் தண்ணீருக்குச் சண்டைக்கு வருவார். மண் பாதை போதும்.

வார்டு கவுன்சிலர் தலைமையில் நடக்கும் பகுதி சபைக்கு ஆண்டில் நாலு நாள். அதில் ஜனவரி 25 முக்கியம்; ஏப்ரலில் தொடங்கும் ஆண்டின் பட்ஜெட் அதன் பிறகுதான் மன்றத்துக்கு வரும். கோரிக்கையைத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லி, நகல் வாங்கிக்கொள்ள வேண்டும். அதே நகலைக் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை மனுவோடு வைத்தால், ரசீதில் தேதியும் எண்ணும் விழும்.